புதுப்பிப்பு: அம்மாவின் நுரையீரல் கட்டி லிம்போமா இல்லை

அம்மாவின் வலது நுரையீரலில் சிடி ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தது, ஊசி பயாப்சியில் "லிம்போசைட்டுகள் அதிகம், லிம்போமாவை விலக்க முடியவில்லை" என்று வந்தது (லிம்போசைட்டுகள் ஒருவகை வெள்ளணுக்கள், லிம்போமா அவற்றில் வரும் புற்றுநோய்), அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முடிவு: நாடுலர் லிம்பாய்டு ஹைப்பர்பிளேசியா, அதாவது லிம்போசைட்டுகள் பெருகிக் கட்டியாகத் திரள்வது. அரிதானது, புற்றுநோய் அல்ல.

பலனளித்தது, "ஊசியில் வரும் துணுக்கு போதாது, கட்டியை முழுதாக எடுத்துப் பரிசோதிக்கச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான். மார்பில் சிறு துளைகள் போட்டு, கேமரா வழியாகக் கட்டியைச் சுற்றியுள்ள திசுவோடு ஆப்பு வடிவில் வெட்டி எடுத்தார்கள். மால்ட் லிம்போமாவும் (மெதுவாக வளரும் ஒருவகை லிம்போமா) மைக்ரோஸ்கோப்பில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்குமாம். அதனால் இம்யூனோ சாயப் பரிசோதனையில் கப்பா, லாம்டா என்ற புரதங்களை உண்டாக்கும் இரண்டு வகைச் செல்களும் கலந்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள், கலந்திருந்தன. லிம்போமா என்றால் பெரும்பாலும் ஒரே வகைதான் இருக்கும், ஏனென்றால் அது ஒரே செல்லிலிருந்து பெருகுவது. மரபணுச் சோதனையிலும் ஒரே செல்லிலிருந்து பெருகியதற்கான அடையாளம் இல்லை. இந்த இரண்டும் ரிப்போர்ட்டில் இருக்கின்றனவா என்று கட்டாயம் கேளுங்கள்.

எதிர்பாராதது, பெட் ஸ்கேன் (சர்க்கரையை அதிகம் இழுக்கும் செல்கள் ஒளிர்ந்து தெரியும் ஸ்கேன்). அதில் கட்டி நன்றாக ஒளிர்ந்ததும் வீடே கலங்கிப்போனது. தீங்கற்ற கட்டியும் அப்படி ஒளிரலாம் என்று முன்பே தெரிந்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டோம்.

அப்புறம், இப்படிக் கட்டி சில நோயெதிர்ப்புக் கோளாறுகளோடும் வரலாம் என்பதால், ஸ்ஜோகிரன் நோய்க்கும் (கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்குவது) ஐஜிஜி4 என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவுக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள், இரண்டும் இயல்பு. மருந்து எதுவும் இல்லை. மீண்டும் வருவது அரிது என்றாலும், அவ்வப்போது சிடி எடுத்துப் பழைய படங்களோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். முதல் ஒப்பீட்டில் புதிதாக எதுவும் இல்லை.