‘கியூமுலேஷன்’: குவிப்பா, திரட்டா, தோற்றக்கூட்டா?

அன்புள்ள குழுவினருக்கு,

வளரும் நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வணிக ஒப்பந்தங்களைத் தமிழாக்கும்போது கியூமுலேஷன் என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது: ஒப்பந்தப் பங்காளி நாட்டிலிருந்து வந்த உள்ளீட்டையும் தன் நாட்டுப் பொருள்போலக் கணக்கில் சேர்த்துக்கொள்ளும் ஏற்பாடு. நம் பழைய கலைச்சொல் பட்டியலில் அதற்குக் ‘குவிப்பு’ என்று இருக்கிறது. அதை மாற்றியே ஆகவேண்டும். ‘பொருள் குவிப்புத் தடுப்பு வரி’ என்று நாளிதழ்கள் எழுதி எழுதி, வணிகத்தில் குவிப்பு என்றால் உள்நாட்டில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு அயல்நாட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது என்றே நிலைத்துவிட்டது. அது கூடுதல் வரி போட்டுத் தடுக்கப்படும் செயல். கியூமுலேஷனோ ஒப்பந்த நாடுகள் விரும்பி அனுமதிக்கும் ஏற்பாடு. இரண்டும் ஒரே சுங்கக் கோப்பில் வரக்கூடியவை என்பதால் ஒரு சொல் போதாது.

பொருள் என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். வரிச்சலுகை கேட்கும் சரக்கு ஒப்பந்த நாட்டில் உருவானதுதானா என்று தீர்மானிப்பவை தோற்ற விதிகள். 2006 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சாஃப்டாவின் (தெற்காசியத் தடையற்ற வணிக ஒப்பந்தம்) பொது விதிப்படி, தோற்றத் தகுதி இல்லாத உள்ளீடுகள் எஃப்ஓபி மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில்) 60 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. இலங்கைக்கு 65, மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 70. கூடவே, நான்கிலக்கச் சுங்கத் தலைப்பும், அதாவது சரக்கு வகைக்குச் சுங்கம் தரும் எண்ணும், உள்ளீட்டுக்கு இருந்ததிலிருந்து மாறியிருக்க வேண்டும்.

நேபாளத்தில் தைத்த பயணப்பை ஒன்று இலங்கைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். (அது சலுகைப் பட்டியலில் உண்டா என்பது தனிக் கேள்வி, இங்கே கணக்கை மட்டும் பார்க்கிறோம்.) எஃப்ஓபி மதிப்பு 100 ரூபாய். இந்தியப் பருத்திக் கான்வாஸ் 35, சீனாவிலிருந்து வந்த ஜிப், சக்கரம், சட்டம் எல்லாம் சேர்ந்து 43, நேபாளத்துக் கூலியும் மற்றவையும் 22. நேபாளத்தை மட்டும் பார்த்தால் வெளி உள்ளீடு 78, வரம்பு 70, சலுகை கிடையாது. கியூமுலேஷன் விதியோ வேறு இரண்டு கேள்விகளைக் கேட்கிறது: ஒப்பந்த நாடுகளின் பங்கு மொத்தம் 50க்குக் குறையாமல் இருக்கிறதா, கடைசியாக ஏற்றுமதி செய்யும் நாட்டின் பங்கு மட்டும் 20க்குக் குறையாமல் இருக்கிறதா? 35ம் 22ம் சேர்ந்து 57, நேபாளத்தின் பங்கு 22. தலைப்பும் மாறிவிட்டது: துணி 52ஆம் அத்தியாயம், பை 4202. சரக்கு தேறிவிடும்.

இதில் பலரும் தவறவிடும் இடம் அந்த 35. கான்வாஸ் ஆலை தன் பங்குக்கு 40 விழுக்காடு மதிப்பை இந்தியாவிலேயே சேர்த்திருந்து, தலைப்பு மாற்றமும் நிகழ்ந்திருந்தால், கான்வாஸுக்குத் தோற்றத் தகுதி வந்துவிடும். வந்த பிறகு முழு 35ம் கணக்கில் ஏறும். அதன் 40 விழுக்காடான 14 அல்ல. ஆலை வெளிநாட்டு நூலை அளவுக்கு மீறிப் பயன்படுத்தித் தகுதி இழந்தால், அந்த 35 அப்படியே பூஜ்யம். ஆகவே இது வெறும் கூட்டல் கணக்கல்ல. பங்காளி நாட்டுப் பொருளைத் தன் நாட்டுப் பொருளாக ஏற்றுக்கொள்வது. ‘தோற்றக்கூட்டு’ என்று முன்மொழிகிறேன்.

*

> வணிகத்தில் குவிப்பு என்றால்... அயல்நாட்டில் கொண்டுபோய்க் கொட்டுவது

ஐயா, குவிப்பை விடுவதற்கு நானும் உடன்பாடு. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் ‘திரட்டு’ வேரூன்றியிருக்கிறது. புள்ளியியலில் தமிழ்நாட்டுக் ‘குவிவு நிகழ்வெண்’ எங்களுக்குத் ‘திரட்டு மீடிறன்’. இரு கரைக்கும் பொதுவாகத் ‘திரட்டு’ என்று வைக்கலாமே?

‘தோற்றம்’ என்பதும் எனக்கு உறுத்துகிறது. பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதுதான் முதலில் மனதில் வரும். ‘மூலம்’ சரிவராதா?

வகைகளையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. 1998 டிசம்பரில் கைச்சாத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை உடன்படிக்கையில் உள்நாட்டுப் பங்கு 35 வீதம் வேண்டும். இந்திய உள்ளீடு சேர்ந்தால் இலங்கைப் பங்கு 25, மொத்தம் 35 போதும். இது இரு நாடுகளுக்குள் அடங்கியது. சாஃப்டா பல நாடுகளுக்கானது. அதை ஆங்கிலத்தில் ‘டயகோனல்’ என்கிறார்கள். ‘மூலைவிட்ட’ என்று எழுதினால் ஏற்றுமதியாளருக்கு ஒன்றும் விளங்காது.

*

> ‘மூலம்’ சரிவராதா?

அம்மா, வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் ‘மூலமுள்ள மூலப்பொருள்’ என்று வருகிறது, படிப்பவர் தடுமாறுவார். ‘பிறப்பிடம்’ என்பதையும் எடைபோட்டேன். தமிழ்நாட்டில் வருவாய்த்துறை ஆளுக்குத் தரும் ஆவணத்துக்கே ‘பிறப்பிடச் சான்றிதழ்’ என்று பெயர். ‘தோற்றம்’ பற்றிய உங்கள் உறுத்தல் நியாயமானது. அதனால்தான் ‘தோற்றமில்லாப் பொருள்’ என்று எழுதாமல் ‘தோற்றத் தகுதி பெறாத பொருள்’ என்று எழுதுகிறேன். தகுதி என்ற சொல் அருகில் நின்றால் குழப்பம் பெரும்பாலும் தீர்கிறது.

திரட்டு புள்ளியியலில் அப்படியே இருக்கட்டும். அங்கே சிறு எண்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. இங்கே யாருடன் சேர்கிறோம் என்பதுதான் விதியின் உயிர். சீனாவின் 43ஐ எவ்வளவு திரட்டினாலும் சாஃப்டாவில் பயனில்லை. கூட்டு என்ற சொல் கூட்டலையும் கூட்டாளியையும் ஒருங்கே சொல்கிறது. 1988இல் பெல்கிரேடில் வளரும் நாடுகள் தங்களுக்குள் வரிச்சலுகை தரக் கையெழுத்திட்ட ஜிஎஸ்டிபி உடன்பாட்டிலும் இதுவே அடிப்படை: தனி நாட்டுக் கணக்கில் வெளி உள்ளீடு 50 விழுக்காட்டுக்கு மேல் கூடாது, கூட்டுக் கணக்கில் பங்கேற்கும் நாடுகளின் மொத்தப் பங்கு 60க்குக் குறையக்கூடாது. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு இரண்டிலும் 10 புள்ளி தளர்வு. தனியாக ஒரு பொருளை முழுதாகச் செய்ய முடியாத சிறிய நாட்டுக்கு இந்த வாசல் இல்லையென்றால் ஒப்பந்தத்தால் கிடைப்பது சொற்பமே.

கூட்டாளிகள் பகைத்துக்கொண்டால் இதுவும் முடங்கும். 2019இல் இந்தியா–பாகிஸ்தான் வணிகம் ஏறக்குறைய நின்றபோது சாஃப்டா விதி ஏட்டில் அப்படியே இருந்தது. ஆனால் எல்லை கடக்காத நூலையும் துணியையும் எந்தக் கணக்கில் ஏற்றுவது?

வகைகளுக்கு ‘இருதரப்புத் தோற்றக்கூட்டு’, ‘பலதரப்புத் தோற்றக்கூட்டு’, ‘முழுத் தோற்றக்கூட்டு’ என்று வைப்போம். மூன்றாவதற்குத் தனி விளக்கம் வேண்டும். அங்கே கான்வாஸ் தகுதி இழந்தாலும், இந்தியாவில் நடந்த நெசவும் சேர்ந்த மதிப்பும் கணக்கில் வரும், பூஜ்யமாகிவிடாது. முதலிரண்டில் பொருளின் தகுதி கூட்டப்படுகிறது, மூன்றாவதில் வேலை கூட்டப்படுகிறது.

பதிவின் விளக்கத்தில் நடைமுறைச் சிக்கல்களையும் சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். சலுகை மறுக்கப்படுவது கணக்குப் பிழையால் மட்டுமல்ல. கான்வாஸுக்கு இந்தியாவில் வாங்கிய தோற்றச் சான்றிதழ் நேபாளத் தையலகத்தின் கோப்பில் இல்லாவிட்டால், உண்மையில் தகுதி இருந்தும் காட்ட வழியில்லை. தனி நாட்டு அடிப்படையா கூட்டு அடிப்படையா என்று சான்றிதழில் மாற்றிக் குறித்துவிடுவதும் உண்டு. பொதி கட்டுதல், சீட்டு ஒட்டுதல் போன்ற எளிய வேலைகள் தகுதி தரா. வழியில் வேறு துறைமுகத்தில் கப்பல் மாறினால் சரக்கு சுங்கக் கட்டுப்பாட்டிலேயே இருந்ததற்கு ஆவணம் வேண்டும். இந்தியாவுக்கு இறக்குமதி என்றால் 2020 செப்டம்பர் 21 முதல் சான்றிதழ் மட்டும் போதாது; மதிப்பு எப்படிச் சேர்ந்தது என்ற விவரத்தை இறக்குமதியாளரே வைத்திருந்து, 5 ஆண்டு பாதுகாக்க வேண்டும். கூட்டு அடிப்படையில் வரும் சரக்குக்கு இது இரண்டு நாட்டு ஆலைகளின் விலை விவரம். போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்று ஆலைகள் தரத் தயங்குகின்றன, அங்கேயே பல கோப்புகள் நின்றுவிடுகின்றன.

*

> முதலிரண்டில் பொருளின் தகுதி கூட்டப்படுகிறது, மூன்றாவதில் வேலை கூட்டப்படுகிறது.

இந்த ஒரு வரியை அப்படியே விளக்கத்தில் போடுங்கள், எனக்கு உடன்பாடு. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பழைய ‘குவிப்பு’ பதிவை அழித்துவிடாமல், ‘காண்க: தோற்றக்கூட்டு’ என்று வைத்திருங்கள். முன்னர் வெளியான மொழிபெயர்ப்புகளில் அந்தச் சொல் இருப்பதால், தேடி வருபவர் வழி தவறக்கூடாது. ‘திரட்டு’க்கும் அதேபோல் ஒரு குறிப்பு வேண்டும். பயணப்பைக் கணக்கை எடுத்துக்காட்டாகச் சேர்த்தால், வீதம் என்று பழகியவர்களுக்காக விழுக்காட்டின் அருகே அதையும் எழுதிவிடுங்கள்.