முதலாண்டு ஓவியப் பாடம்: மார்க் போட்டவர்கள், வாங்கியவர்கள் அனுபவம்

கரிக்கோடு:
ஸ்லைடு தேர்வு எப்படி நடக்கும் என்று இங்கே எல்லாருக்கும் தெரியும். திரையில் படம், தாளில் நான்கு கட்டம்: தலைப்பு, ஓவியர், ஆண்டு, ஊடகம் (எதில் வரைந்தது என்பது). அன்று வந்தது ஹோல்பைன் 1533-ல் வரைந்த 'தூதர்கள்'. ஒரு மாணவி நான்கு கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டு, ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள்: "அந்த வாத்தியத்தில் ஒரு தந்தி அறுந்திருக்கிறது. இவ்வளவு வசதியானவர்கள் அறுந்ததை ஏன் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்?"

வகுப்பில் நான் பேசியதெல்லாம் கீழே சாய்வாக இழுபட்டுக் கிடக்கும் மண்டையோட்டைப் பற்றித்தான். தந்தி பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளாகவே பார்த்திருக்கிறாள். விடைக்குறிப்பில் அதற்கு இடமில்லை, பூஜ்யம். துறைத்தலைவரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். "விதி எல்லாருக்கும் ஒன்றுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இன்னும் ஆறவில்லை.

வண்ணத்தட்டு:
கரிக்கோடு சார், வருத்தம் புரிகிறது. ஆனால் ஆண்டு தெரியாமல் அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதிலே கிடையாது. 1533-ல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி போப்போடு முறித்துக்கொண்டிருந்தார். அறுந்த தந்தியைத் திருச்சபைப் பிளவின் அடையாளமாகப் பலர் வாசிப்பது அதனால்தான். அந்தத் தந்தி வாத்தியமான லூட்டுக்குப் பக்கத்திலேயே, போப்பை எதிர்த்துப் பிரிந்த லூத்தரன் சபையின் பாடல் புத்தகம் திறந்து கிடக்கிறதே!

என்னிடம் ஒரு மாணவர் பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியம் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். அருமையான நடை. மேலே எரியும் பல்பை அணுகுண்டு என்று வைத்து, அதன் மேலேயே மொத்தக் கட்டுரையையும் கட்டியிருந்தார். படத்துக்குப் பெயர் தந்த ஸ்பெயின் ஊரான குவெர்னிகா மீது குண்டு விழுந்தது 1937 ஏப்ரல் 26. படமும் அதே ஆண்டு முடிந்துவிட்டது. அணுகுண்டு 1945. கண் மட்டும் போதும் என்றால் இதற்கு எத்தனை மார்க் போடுவீர்கள்?

மூன்றாம் வரிசை:
நான் மாணவன் பக்கம். பருவம் முழுக்க வரைந்து சேர்த்த படத் தொகுப்பு, போர்ட்ஃபோலியோ, திரும்பி வந்தது. அட்டையில் சிவப்பு மையில் 14/20, உள்ளே ஒரு கோடுகூட இல்லை. போன ஆறு எங்கே என்று கேட்டேன். "பொதுவாப் பார்த்துப் போட்டதுப்பா" என்றார். கரித்துண்டு உதிராமல் இருக்கப் பக்கத்துக்குப் பக்கம் மெல்லிய தாள் வைத்திருந்தேன். எல்லாம் வைத்தபடியே இருந்தது.

நிழல்வெளி:
மூன்றாம் வரிசை தம்பிக்கு நடந்தது அநியாயம். வண்ணத்தட்டு சொல்வதோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. இது வரலாற்றுப் பாடம் மட்டும் இல்லையே.

என் அனுபவம் சின்னது. வெறும் கோப்பையை வரையச் சொன்னால் புதிதாக வருபவர்கள் வாயைக் கூர் முனையுள்ள இலை மாதிரி போடுவார்கள். அடியை நேர்கோடாக இழுத்துவிடுவார்கள், மேசை தட்டையாக இருக்கிறது என்று தெரியுமல்லவா. அப்படி ஆரம்பித்த ஒரு பையன் கடைசி வாரம் வரைந்த கோப்பையில், அடி விளிம்பு வாயைவிடக் கூடுதலாக வளைந்திருந்தது. கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு வட்டம் விரியும். அது அவன் கைக்கு வந்துவிட்டது. பள்ளியிலேயே பயிற்சி எடுத்த இன்னொருவன் முதல் நாள் போட்ட அதே பளபள நிழலைக் கடைசி நாளும் போட்டான். மார்க் பின்னவனுக்குத்தான் அதிகம். எந்தப் படம் அழகு என்றுதான் ரூப்ரிக் (எதற்கு எவ்வளவு மார்க் என்ற பட்டியல்) கேட்டது.

அதனால் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். முதல் நாள் படத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள். பின்பக்கம் தேதி போட்டு வையுங்கள். கடைசி வாரம் அதே பொருள், அதே வெளிச்சம், அதே நேர அளவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, என்ன மாறியிருக்கிறது என்று மாணவரையே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். படத்தைவிட அந்த நாலு வரி அதிகம் சொல்லும். ரூப்ரிக்கில் 'படைப்பாற்றல் 5' என்று போடுவதை நிறுத்துங்கள், அதை வைத்து யாரும் எதையும் திருத்த முடியாது. 'விளிம்பு கண்மட்டத்துக்கு ஏற்ப வளைகிறதா', 'நிழல் ஒரே திசையில் விழுகிறதா' என்று கண்ணுக்குத் தெரிவதைக் கேளுங்கள். முடிந்தால் பெயரை மறைத்து இன்னொரு ஆசிரியரிடமும் கொடுங்கள். இரண்டு பேர் மார்க்கும் எட்டாத தூரத்தில் இருந்தால் கோளாறு ரூப்ரிக்கில்தான்.

அப்புறம், எழுத்துத் தேர்வுக்கு, கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் ஒரு படத்தைப் பார்த்து எழுதச் சொன்ன நான்கு படிகள் இருக்கின்றன: விவரித்தல், பகுத்தல், பொருள் காணல், மதிப்பிடல். கரிக்கோடு சாரின் மாணவி முதல் படியைச் சரியாக வைத்து மூன்றாவதின் வாசலில் நின்றிருக்கிறாள். படிக்குப் படி மார்க் பிரித்திருந்தால் பூஜ்யம் விழுந்திருக்காது.

கரிக்கோடு:
வண்ணத்தட்டுக்கு: அந்தப் பல்பு கட்டுரைக்கு விவரித்தலில் முழு மார்க், பொருள் காணலில் ஒன்றுமில்லை. அவ்வளவுதானே? ஆண்டு அவ்வளவு அவசியம் என்றால் அதை மனப்பாடம் செய்யச் சொல்வானேன், கேள்வித்தாளிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். தெரியாத ஒரு படம், கீழே ஆண்டும் ஊரும், பத்து நிமிடம், என்ன தெரிகிறது என்று எழுது. அடுத்த பருவத்துக்கு இப்படி ஒரு கேள்வியாவது வேண்டும் என்று துறையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவள் தாளின் நகலையும் பெயரை மறைத்து இணைத்திருக்கிறேன்.