அப்பாவின் கொழுந்துக் கணக்கு: ஜிடபிள்யூ பேசிக் ஃபைல் விண்டோஸ் 98இல் திறக்கவில்லை

தலவாக்கலைப் பையன்:
அப்பா தேயிலைத் தோட்டத்தில் செக்ரோல் கிளாக், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டைப் பார்ப்பவர். 1989இல் ஆபிஸ் கொம்பியூட்டரில் அவரே ஜிடபிள்யூ பேசிக் என்ற கொம்பியூட்டர் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினார். செக்ரோல் நம்பரை அடித்தால் அந்த ஆளின் காலை, மத்தியானம், மாலை நிறை கூட்டி வரும். போன வருசம் அப்பா தவறிவிட்டார். அவருடைய பிளொப்பியிலிருந்து எல்லாவற்றையும் வீட்டு விண்டோஸ் 98 கொம்பியூட்டருக்குக் கொப்பி பண்ணினேன். அதற்குப் பின் வந்த கியூபேசிக்கில் திறந்தால் ஒரே கிறுக்கல். அவர் இங்கிலீஷ் எழுத்தில் அடித்த 'கொழுந்து' என்ற சொல் மட்டும் நடுநடுவே தெரிகிறது. பிளொப்பி பழுதாகிவிட்டதா?

பண்டாரவளை:
பழுதில்லை தம்பி. அந்தச் சொல் தெரிவதே நல்ல அறிகுறி. ஜிடபிள்யூ பேசிக் சேமிக்கும்போது கட்டளைச் சொற்களை ஓரிரு பைட் குறிகளாகச் சுருக்கிவிடும். மேற்கோளுக்குள் இருப்பதை மட்டும் அப்படியே வைக்கும். 1991இல் எம்எஸ்-டொஸ் 5உடன் வந்த கியூபேசிக்குக்கு அந்தக் குறிகள் புரியாது, வெறும் எழுத்தாக இருக்க வேண்டும். பிளொப்பியில் ஜிடபிள்யூ பேசிக்கும் இருக்கிறதா பாருங்கள். டொஸ் ஜன்னலில் அது ஓடும். ஃபைலை லோட் பண்ணி, சேவ் கட்டளையில் மேற்கோளுக்குள் புதுப் பெயர் கொடுத்து, கமா போட்டு ஏ என்று அடியுங்கள். பழைய பெயரிலேயே சேமித்துவிடாதீர்கள், மூலம் போய்விடும்.

தலவாக்கலைப் பையன்:
இருந்தது அண்ணே! லிஸ்ட் அடித்ததும் முதல் வரியில் அப்பாவின் பெயர். கியூபேசிக்கிலும் இப்போது ஓடுகிறது. ஆனால் பழைய நிறைகளை டேட்டா ஃபைலிலிருந்து எடுத்தால் கிலோ எல்லாம் தாறுமாறு.

மஸ்கெலியா:
அப்பாவின் புரோகிராம் அந்த எண்களை சிவிஎஸ் என்ற கட்டளையால் வாசிக்கிறதா? ஜிடபிள்யூ பேசிக் தசம எண்களை மைக்ரோசொஃப்ட்டின் பழைய முறையில் எழுதும். கியூபேசிக் ஐஈஈஈ என்ற பொதுத் தர முறையில் வாசிக்கும். பைட் அதேதான், அர்த்தம் வேறு. சிவிஎஸ் வரும் இடமெல்லாம் சிவிஎஸ்எம்பிஎஃப் என்று மாற்றுங்கள். அப்புறம் ஒன்று: 64 பிட் விண்டோஸில் ஜிடபிள்யூ பேசிக், கியூபேசிக் இரண்டுமே நேரடியாக ஓடாது, பழைய டொஸ் போல நடிக்கும் டொஸ்பொக்ஸ் என்ற புரோகிராம் வேண்டும். அந்தப் பழைய கொம்பியூட்டரைக் கொடுத்துவிடாதீர்கள்.

தலவாக்கலைப் பையன்:
வந்துவிட்டது! நம்பர் 112 எங்கள் அத்தையுடையது. 9, 6.5, 7.5, மொத்தம் 23 கிலோ. அத்தை பக்கத்தில் இருந்து பார்த்தார். "அரைக் கிலோவைக்கூட விடாம எழுதியிருக்கான்" என்றார். இரண்டு பேருக்கும் பெரிய நன்றி அண்ணே.