மறு: ஆக்ஸ்போர்டு 'வேந்தர்' – மாற்றுச்சொல் வேண்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

13ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் ராபர்ட் கிரோஸ்டெஸ்ட் பற்றிய கட்டுரையின் வரைவில், அவர் 'ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக வேந்தராக இருந்தார்' என்று வந்திருக்கிறது. 'சான்சலர்' என்ற ஆங்கிலப் பதவிப் பெயருக்கு வைத்த இந்தச் சொல் அப்படியே அச்சேறக் கூடாது என்று வற்புறுத்துகிறேன்.

வேந்தர் என்றதும் நமக்கு ஆளுநர் நினைவுக்கு வருவார். 13ஆம் நூற்றாண்டு ஆக்ஸ்போர்டிலோ சான்சலருக்கு மேலே ஓர் ஆயர் இருந்தார். ஆக்ஸ்போர்டு நகரம் அன்று லிங்கன் மறைமாவட்டத்தை, அதாவது லிங்கன் ஆயரின் ஆளுகைப் பகுதியைச் சேர்ந்தது. 1214இல் போப்பின் தூதர் வகுத்த ஏற்பாடு, மாணவர்களுக்கு மேலாக லிங்கன் ஆயர் அமர்த்துபவரையே சான்சலர் என்று குறிக்கிறது. ஆயருக்குக் கட்டுப்பட்ட அலுவலர் எப்படி வேந்தர் ஆவார்?

கிரோஸ்டெஸ்டுக்கு அந்தப் பட்டம்கூடக் கிடைக்கவில்லை. அவர் அந்தப் பணியைச் செய்தபோது அன்றைய ஆயர் சான்சலர் என்று அழைக்க இசையவில்லை, 'மகிஸ்தர் ஸ்கோலாரும்' என்ற பெயரே போதும் என்றார். அந்நூற்றாண்டின் இறுதியில் லிங்கன் ஆயராக இருந்த ஆலிவர் சட்டன் சொல்லித் தெரியவந்த செய்தி இது. ஆயர் மறுத்த பட்டத்தைவிடப் பெரியதொன்றை நாம் சூட்டிவிட்டோம்! அந்த லத்தீன் பெயருக்குத் தலைமையாசிரியர் என்று போட்டால் இன்றைய உயர்நிலைப் பள்ளி கண்முன் வரும். 'பள்ளிகளின் ஆசான்' என்பது என் பரிந்துரை.

சான்சலருக்குக் 'கழகநாயகம்' என்று வைக்கலாம். ஆசிரியர்கள் கூடி அமைத்த சங்கமே அன்றைய பல்கலைக்கழகம் என்பதால் கழகம் அழகாகப் பொருந்துகிறது. நாயகம் என்றால் சமயச் சாயல் வரும் என்று ஒருவர் தயங்கியிருந்தார். இலங்கையில் பணிப்பாளர் நாயகம், செயலாளர் நாயகம் என்று அன்றாடம் எழுதுகிறார்கள். அங்கே யாருக்கும் இடறவில்லை. சான்சலருக்கு முன்பு இங்கே சொல்லப்பட்ட 'ஓலைநாயகம்', சோழர் கல்வெட்டுகளில் அரசாணை எழுதுவோருக்குத் தலைமையான அலுவலரைக் குறிப்பது. அரசரின் முத்திரை காத்த சான்சலர் வேறு; அவருக்கு அதை ஒதுக்குவோம்.

சொல் சரியாக அமைந்தால்தான் 1235இன் திருப்பம் வாசகருக்குப் புரியும். பிரான்சிஸ்கன் துறவியருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்த கிரோஸ்டெஸ்ட் அவ்வாண்டு லிங்கன் ஆயரானார். தமக்குப் பட்டத்தை மறுத்த ஆயரின் அதே இருக்கையில் அமர்ந்தார். ஆக்ஸ்போர்டின் கழகநாயகம் இப்போது அவருக்குக் கீழே. 1253இல், போப் நான்காம் இன்னசென்ட்டின் உடன்பிறந்தவரின் மகனுக்கு லிங்கன் பேராலயத்தில் பதவி தர மறுத்துக் கடிதம் எழுதியதும் அந்த இருக்கையிலிருந்துதான்.

இன்னொன்று: வரைவின் கடைசிப் பத்தியில் 'பேராயர்' என்று இருக்கிறது. அவர் இறுதிவரை ஆயர்தான். பேராயர் இருந்தது கேன்டர்பரியில். திருத்திவிடுங்கள்.