துணியைத் தொடாமல் எழுதியவரும், தொட்டுப் பார்த்து எழுதியவரும்

கடைக்கு எழுத ஆள் தேடிய அனுபவத்தைக் கேட்டு மூன்று பேர் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தீர்கள். எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சிங்கப்பூரில், தேக்கா நிலையத்தின் மாடியில் எங்களுக்குப் புடவைக்கடை. அம்மா காலத்திலிருந்து வாய்ப்பேச்சிலேயே நடந்த வியாபாரம். புடவையை விரிப்போம், கரையைக் காட்டுவோம், கேட்டால் விளக்கம் சொல்வோம். இணையத்தில் விற்க ஆரம்பித்த பிறகு அந்தப் பேச்சை எழுத்தில் கொண்டுவர ஓர் ஆள் தேவைப்பட்டது. ஒவ்வொரு புடவைக்கும் நாலு வரி, மாதம் இரண்டு கட்டுரை. எந்தப் புடவைக்கு எந்த பிளவுஸ், இந்த வெக்கையில் கல்யாணத்துக்கு எதைக் கட்டலாம், பட்டை எப்படி மடித்து வைப்பது, இப்படி.

முதலில் அமர்த்தியவர் நன்றாக எழுதக்கூடியவர். பழைய கட்டுரைகளைப் பார்த்து மயங்கிவிட்டேன். தமிழிலும் தருகிறேன் என்றார், கட்டுரைக்கு 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று பேசினோம். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், மூன்றாம் நாளே எல்லாம் வந்துவிட்டது. தீபாவளி நெருக்கத்தில் சரியாகப் படித்துப் பார்க்காமல் போட்டுவிட்டேன். அந்தத் தவறு என்னுடையது.

அதில் ஒன்று செமி சில்க், அதாவது பட்டு மாதிரித் தெரியும் கலப்புத் துணி, விசைத்தறிப் புடவை, விலை 75 வெள்ளி. அதன் கீழே "கைத்தறியில் நெய்த அசல் காஞ்சிபுரம் பட்டு" என்று எழுதியிருந்தது. படத்தில் ஜரிகை மின்னியதும் அவர் காஞ்சிபுரம் என்றே எடுத்துக்கொண்டுவிட்டார். ஈசூனிலிருந்து ஓர் அக்கா மகளின் நலங்குக்கு வாங்கிப் போனார். இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்து, புடவையை மேசைமேல் வைத்து, "உங்கம்மா இருந்திருந்தா இப்படிச் சொல்லி வித்திருப்பாங்களா?" என்று கேட்டார். முழுப்பணத்தையும் திருப்பிக் கொடுத்தேன். பட்டு அல்லாததைப் பட்டு என்று சொல்லி விற்றால் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி அது நியாயமற்ற வர்த்தகம். எழுதியது யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது கடைதான். சட்டத்தைவிட அந்த அக்காவின் கேள்விதான் ஒரு வாரம் என்னைத் தூங்கவிடவில்லை.

தமிழ்ப் பகுதி இன்னும் மோசம். ஆங்கிலத்தில் எழுதியதைக் கணினியில் போட்டு மாற்றியிருக்கிறார். ஃபால்ஸ் (புடவையின் கீழ்க்கரைக்கு உள்பக்கம் வைக்கிற துணி) தைத்துத் தருகிறோம் என்று வரவேண்டிய இடத்தில் "வீழ்ச்சி இலவசம்" என்று வந்திருந்தது. கரை "எல்லை" ஆகிவிட்டது. முந்தானையைக் காணவே காணோம்.

அடுத்த ஆளை வேறு விதமாகத் தேடினேன். மாதிரிக் கட்டுரை கேட்கவில்லை. கடைக்கு வரச் சொன்னேன். வந்துபோகும் நேரத்துக்கும் ஒரு கட்டுரைக்கும் சேர்த்து 150 வெள்ளி, எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பணம் உண்டு என்றேன். நாலு பேரைக் கேட்டதில் இரண்டு பேர் வந்தார்கள்.

அதில் ஒரு பெண், பிள்ளையைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு நேரே வந்தவர். அரக்கு நிறப் பட்டு ஒன்றை விரித்தேன். குறிப்பெடுக்கும் முன்னால் அவர் புடவையைத் திருப்பிப் போட்டார். கரையும் உடலும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டி, "இங்க மட்டும் ஏன்க்கா லேசா முரடா இருக்கு?" என்றார். எனக்கு மனசு நிறைந்துபோனது. அதுதான் கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடா (ஊடையை, அதாவது குறுக்கு நூலை, கொண்டுபோகும் தறிக்கருவி) ஓட்டி, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் வரிசைக்கு வரிசை கோத்துக்கொண்டே போக வேண்டும். நெய்கிறவருக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னோர் ஆளும் வேண்டும். விலை ஏறுவது அதனால்தான்.

பிறகு, பட்டையும் செமி சில்க்கையும் எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது என்றார். பாலியஸ்டர் ஓடிய புடவை ஒன்றை எடுத்து, இரண்டின் முந்தானை ஓரத்திலும் ஓர் இழை உருவி, கீழே வெளியில் போய்க் கொளுத்திக் காட்டினேன். பட்டு இழை முடி கருகுகிற வாடை அடித்தது, விரலால் தேய்த்ததும் பொடியாக உதிர்ந்தது. மற்றது உருகிச் சுருண்டு, ஆறியதும் கடுகு மாதிரி கெட்டியாக நின்றது. அந்தக் கடுகை ஒரு காகிதத்தில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் எழுதிய முதல் கட்டுரை அந்தக் கடுகில்தான் தொடங்கியது. அதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் இப்போது கடைக்குள் நுழைந்ததும் புடவையைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

ஆள் தேடுகிறவர்களே, எழுதுகிறவர் கையில் துணியைக் கொடுங்கள், அந்த நேரத்துக்கும் காசு கொடுங்கள். உங்களுக்கு எப்படி நடந்தது, சொல்லுங்கள்.

*பதில், எழுதுகிறவள் பக்கத்திலிருந்து*

அக்கா, பிடிக்காவிட்டாலும் பணம் உண்டு என்ற வரியைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷமாகத் துணிக்கடைகளுக்கு எழுதுகிறேன். ஒரு கடையில் "சோதனைக்கு" என்று ஐந்து கட்டுரை வாங்கினார்கள். சரிப்படாது என்று சொல்லிவிட்டு, இரண்டு மாதத்தில் ஐந்தையும் அவர்கள் பெயரில் போட்டுக்கொண்டார்கள்.

இன்னோர் இடத்தில் 480 வெள்ளி நிலுவை. "அடுத்த வாரம் பேநவ் பண்றேன்" (கைப்பேசியில் பணம் அனுப்புவது) என்றே நாலு மாதம் ஓடியது. என்னைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும், வக்கீல் வைத்து வாதாட முடியாது. நான் வாட்ஸ்அப் பேச்சையெல்லாம் அச்செடுத்து, மனு போடப் போகிறேன் என்று சொன்ன மறுநாளே பணம் வந்தது. சொந்தத் தொழில் செய்கிறவர்களை அமர்த்துவதற்கு 2018 முதல் முத்தரப்புத் தரநிலை (அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்தது) ஒன்றும் இருக்கிறது. என்ன வேலை, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தகராறு வந்தால் என்ன வழி, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இப்போது அந்த நாலு வரி இல்லாமல் நான் வேலையைத் தொடுவதில்லை.

*பதில், ஆண்கள் ஜிப்பா தைத்து விற்பவர்*

என் சிக்கல் உரிமையில் வந்தது. எழுதியவரே படமும் எடுத்தார், காசும் கொடுத்தேன், ஆகவே எல்லாம் என்னுடையது என்று நினைத்துவிட்டேன். 2021 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த புதிய பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படமும் எடுத்தவருக்கே சொந்தம். கட்டுரைக்கு முன்பிருந்தே அப்படித்தான். நாங்கள் பிரிந்தபோது பத்துப் பக்கத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, கேட்டது அவருடைய உரிமை. நான் முதல் நாளே பேசி, உரிமைக்கென்று தனியாக ஒரு தொகை கொடுத்திருக்க வேண்டும்.

*பதில், இன்னொருவர்*

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். என் தங்கை டிபியில் (இங்கே வேலை செய்கிறவரின் குடும்பத்தாருக்குத் தரும் அனுமதி) இருக்கிறாள், நன்றாக எழுதுவாள், தோழியின் கடைக்கு எழுதட்டும் என்று நினைத்தோம். 2021 மே 1 முதல் டிபியில் இருப்பவர்கள் வேலைக்குப் போவதற்கு வேலை அனுமதி வாங்க வேண்டும் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டோம். தெரிந்த பெண்தானே என்று கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

*மீண்டும் புடவைக்கடையிலிருந்து*

ஜிப்பா அண்ணே, நன்றி. நானும் உரிமை பற்றி எழுதி வைக்கவில்லை. நேற்று எங்களுக்கு எழுதுகிறவரிடம் பேசினேன். கட்டுரை அவர் பெயரோடு வரும், கடை எப்போதும் பயன்படுத்தலாம், அவரும் தம் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம். கட்டுரைக்கு 30 வெள்ளி கூட்டினேன்.

எழுதுகிற தங்கச்சி, அந்த ஐந்து கட்டுரையும் என் மனசைவிட்டுப் போகவில்லை. தேக்கா பக்கம் வந்தால் மாடிக்கு வாம்மா. மதுரையிலிருந்து சுங்குடி (முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கிற புடவை) வந்திருக்கிறது, கட்டின முடிச்சுகளை அவிழ்க்காமலே. எங்கள் எழுத்தாளர் வியாழக்கிழமை வருகிறார். அவர் கையால் ஒரு புடவையின் முடிச்சுகளை அவிழ்க்கட்டும் என்று பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.