ஸ்லாட்டில் மாட்டிய வால்: வரம்பு வைக்கலாமா, வேண்டாமா?

இரவுப்பணி:
எங்கள் போஸ்ட்கிரெஸ் 15 டேட்டாபேஸ் சர்வர் ஞாயிறு காலை ஏழு மணிக்குப் படுத்துவிட்டது. வெள்ளி இரவு பத்து மணிக்கு அதன் நகலை வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை மெஷின் நின்றுபோனதை யாரும் கவனிக்கவில்லை. அது ஸ்லாட் வழியாக இணைந்திருந்தது, அதாவது நகல் எதுவரை வாங்கியிருக்கிறது என்று பிரைமரி (முதன்மை சர்வர்) வைத்திருக்கும் குறிப்பு. திரும்பி வந்து கேட்கும் என்று பிரைமரி ஒரு வால் (WAL, ரைட்-அஹெட் லாக்: ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் எழுதிவைக்கும் பதிவு) ஃபைலைக்கூட அழிக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டே இருந்தது. மணிக்குச் சுமார் 6 ஜிபி. காலியாக இருந்த 200 ஜிபி தீர்ந்ததும் பேனிக். ஸ்டாண்ட்பை செத்ததற்குப் பிரைமரியும் உடன்கட்டை ஏறிவிட்டது.

இனி ஸ்லாட்டுக்காகச் சேர்த்துவைக்கும் வாலுக்கு வரம்பான மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் 50 ஜிபி என்று வைக்கப் போகிறேன். இப்போது அது -1, அதாவது வரம்பே இல்லை. யாருக்காவது மறுப்பு உண்டா?

பழைய டிபிஏ:
எனக்கு உண்டு. 50 ஜிபி என்றால் உங்கள் கணக்குப்படி எட்டு மணி நேரம். வெள்ளி இரவு விழுந்த ஸ்டாண்ட்பையின் ஸ்லாட் சனி விடிவதற்குள் செல்லாமல் போயிருக்கும். அப்புறம் திங்களன்று முழு டேட்டாபேஸையும் மறுபடி நகலெடுக்க வேண்டும். ஸ்லாட் வைத்ததே ஸ்டாண்ட்பைக்குத் தேவையான ஃபைல் தொலையக் கூடாது என்பதற்காகத்தானே? 9.4-இல் ஸ்லாட் வருவதற்கு முன்பு அந்த அவஸ்தையை நான் நிறையப் பட்டிருக்கிறேன். பெரிய டிஸ்க் வாங்குங்கள், அலர்ட் வையுங்கள்.

வட்டு நிறைந்தவன்:
பெரிய டிஸ்க் எத்தனை நாளைக்குத் தாங்கும், சார்? ஸ்டாண்ட்பை திரும்பாதவரை இது அனுமார் வால், நீண்டுகொண்டேதான் போகும். நகலை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். பிரைமரி நின்றால் வியாபாரமே நிற்கிறது. இரண்டில் ஒன்றை விடத்தான் வேண்டும் என்றால் நான் நகலைத்தான் விடுவேன். பதிப்பு 13-இல் இந்த வரம்பைக் கொண்டுவந்ததே இதற்காகத்தான்.

இரவுப்பணி, ஒன்றைக் கவனியுங்கள். அந்த வரம்பு செக்பாயிண்ட் (மெமரியில் உள்ள மாற்றங்களை டிஸ்க்கில் எழுதி முடிப்பது) நடக்கும்போதுதான் அமலாகும். நடுவில் வால் அதைத் தாண்டிப் போகலாம். அதனால் வரம்போடு மேக்ஸ்_வால்_சைஸையும் கூட்டி, அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டுக் கணக்குப் போடுங்கள்.

புதுமுகம்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். டிஸ்க் நிறைந்ததும் பிஜி_வால் ஃபோல்டரில் பழைய ஃபைல்களை அழித்திருந்தால் சர்வர் எழுந்திருக்காதா?

பழைய டிபிஏ:
தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள். பேரில் லாக் என்று இருப்பதால் அதை வெறும் குறிப்பேடு என்று நினைத்துவிடுகிறார்கள். சர்வர் விழுந்து எழும்போது தன்னைச் சரிசெய்துகொள்வது அந்த 16 எம்பி ஃபைல்களைப் படித்துத்தான். முன்பு அந்த ஃபோல்டருக்கு பிஜி_எக்ஸ்லாக் என்று பேர். பேரைப் பார்த்து அழித்தவர்கள் அதிகமாகிப் போனதால்தான் 2017-இல் வந்த பதிப்பு 10-இல் பேரையே மாற்றினார்கள்.

வட்டு நிறைந்தவன்:
இதில் நானும் சாரும் ஒரே கட்சி. நான் அதே டிஸ்க்கில் 2 ஜிபி அளவுக்கு ஒரு வெற்று ஃபைலைப் போட்டு வைத்திருப்பேன். நிறைந்துவிட்டால் அதை அழித்தால் போதும், சர்வர் எழும். உடனே செத்த ஸ்லாட்டை நீக்கிவிட்டு ஒரு செக்பாயிண்ட் கொடுக்கலாம்.

மூன்றாம் மாடி:
நீங்கள் இருவரும் ஸ்டாண்ட்பையை மட்டுமே பேசுகிறீர்கள். இரவுப்பணி, உங்களிடம் லாஜிக்கல் ஸ்லாட், அதாவது ஒரு டேட்டாபேஸின் மாற்றங்களை மட்டும் வெளியே அனுப்பும் ஸ்லாட், ஏதாவது இருக்கிறதா?

இரவுப்பணி:
இருக்கிறது அக்கா. மாற்றங்களைப் படித்து வேறிடத்துக்கு அனுப்பும் டெபீசியம் என்ற மென்பொருளுக்கு ஒன்று. அதிலிருந்துதான் ரிப்போர்ட் டேட்டாபேஸுக்குப் போகிறது.

மூன்றாம் மாடி:
சரி, அப்படியென்றால் கணக்கே வேறு. இந்த வரம்பு ஸ்லாட்டுக்கு ஒன்றாக வைப்பது இல்லை, சர்வர் முழுக்க ஒரே எண். ஸ்டாண்ட்பைக்கு மாற்றுவழி உண்டு: வால் ஃபைல்களை வேறொரு இடத்துக்கு ஆர்க்கைவ் செய்தால், விட்டுப்போனதை அது ரீஸ்டோர்_கமாண்ட் மூலம் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். லாஜிக்கல் ஸ்லாட்டுக்கு அந்த வசதி இல்லை. அது செல்லாமல் போனால் டெபீசியம் புதிதாக ஸ்னாப்ஷாட் எடுக்க வேண்டும், நடுவில் நடந்த மாற்றங்களின் வரிசையும் போய்விடும். அதனால் நான் ஸ்டாண்ட்பையின் ஸ்லாட்டையே எடுத்துவிட்டு ஆர்க்கைவை நம்புவேன். வரம்பை லாஜிக்கல் ஸ்லாட்டை மனதில் வைத்துத் தாராளமாக வைப்பேன்.

பழைய டிபிஏ:
ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றால்? வெற்றி பெறும்வரை அந்த ஃபைலையும் பிரைமரி அழிக்காது. அங்கே நீங்கள் சொல்லும் வரம்பு எட்டிக்கூடப் பார்க்காது. ஒரு வாசலை அடைத்து இன்னொன்றைத் திறக்கிறீர்கள், அம்மா.

மூன்றாம் மாடி:
உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆர்க்கைவ் தோற்பது பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் உடனே தெரிகிறது. லாஜிக்கல் ஸ்லாட்டின் தொல்லை அப்படி இல்லை. அதன் டேட்டாபேஸில் எதுவும் நடக்காமல், அதே சர்வரில் உள்ள இன்னொரு டேட்டாபேஸ் பரபரப்பாக இருந்தாலே ஸ்லாட் நகராமல் நின்றுவிடும். டெபீசியம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும், வால் மட்டும் சேரும். இதற்குத்தான் ஹார்ட்பீட், அதாவது அவ்வப்போது ஒரு சின்ன மாற்றத்தை எழுதி ஸ்லாட்டை நகர்த்துவது, வைக்கச் சொல்கிறார்கள்.

வட்டு நிறைந்தவன்:
பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் வால்_ஸ்டேட்டஸ் பத்தியையும் பாருங்கள். அது அன்ரிசர்வ்ட் என்று மாறினால் இன்னும் காப்பாற்ற வாய்ப்பு உண்டு. லாஸ்ட் என்றால் பால் ஊற்றிவிட வேண்டியதுதான்.

இரவுப்பணி:
அப்படியென்றால் இப்படிச் செய்கிறேன். ஸ்டாண்ட்பைக்கு ஸ்லாட் கிடையாது, ஆர்க்கைவ். வரம்பு 120 ஜிபி, அதாவது டெபீசியத்துக்கு இருபது மணி நேரம். ரீலோட் போதும் என்பதால் இன்றிரவே போட்டுவிடலாம். 40 ஜிபி தாண்டினால் அலர்ட்.

பழைய டிபிஏ:
வரம்பு வேண்டாம் என்பதுதான் இன்னும் என் கட்சி. இருக்கட்டும். அந்த அலர்ட் எங்கே வரும், மெயிலுக்கா?

இரவுப்பணி:
போன தடவை மெயிலுக்குத்தான் வந்தது, சார். நாற்பத்திரண்டு மெயில். திங்கள் காலைதான் பார்த்தோம்.

பழைய டிபிஏ:
அதை முதலில் மாற்றுங்கள். எண்ணைப் பற்றி அப்புறம் சண்டை போடலாம்.