வான்கோவின் ‘சைப்ரஸும் விண்மீனும் கொண்ட சாலை’: அந்தச் சாலையை எப்படிப் பார்ப்பது?

கேள்வி – கித்தான்நேசன்

அனைவருக்கும் வணக்கம். வின்சென்ட் வான்கோ 1890 மே மாதத்தில் தீட்டிய ‘சைப்ரஸும் விண்மீனும் கொண்ட சாலை’ என்ற ஓவியத்தைப் பற்றி ஒரு விளக்கம் கேட்க விரும்புகிறேன். இது நெதர்லாந்தின் ஓட்டர்லோவில் உள்ள க்ரோலர்-ம்யூலர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் அச்சிலும் திரையிலும்தான் பார்த்திருக்கிறேன்.

வானமும் மரமும் முதல் பார்வையிலேயே என்னைப் பிடித்துக்கொள்கின்றன. சாலைக்கு வரும்போதுதான் என் ரசனை தடுமாறுகிறது. ஒரு கிராமத்து மண்சாலைக்கு இருக்க வேண்டிய கெட்டித்தன்மை அதில் இல்லை. முன்னால் இருவர் நடந்து வருகிறார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு குதிரை வண்டி வருகிறது. ஆனால் அவர்கள் காலடியில் இருப்பது தரையா, ஓடுகிற தண்ணீரா என்ற ஐயம் ஒவ்வொரு முறையும் எழுகிறது. சாலை எங்கிருந்து புறப்படுகிறது என்பதும் பிடிபடவில்லை. இது போதாதென்று சைப்ரஸ் மரம் வேறு ஏறக்குறைய நட்டநடுவில் நின்று பார்வையை மறிக்கிறது. நடுவில் எதையும் நிறுத்தக் கூடாது என்பதுதானே ஓவியம் பயிலத் தொடங்குபவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் பாடம்?

இவை ஓவியர் வேண்டுமென்றே செய்தவையா, அல்லது அவசரத்தாலும் உடல்நலக் குறைவாலும் நேர்ந்தவையா? அவருடைய வாழ்க்கைக் கதை எனக்கு ஓரளவு தெரியும். எனக்கு வேண்டியது பார்க்கும் முறை.

பதில் 1 – மறைபுள்ளி

உங்கள் தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. மேற்கத்திய நிலக்காட்சி ஓவியத்தில் சாலை என்பது நெடுங்காலமாகப் பார்வையாளரின் கண்ணைப் படத்துக்குள் அழைத்துச் செல்லும் கருவியாகவே பயன்பட்டு வந்திருக்கிறது. டச்சு ஓவியர் ஹொப்பெமா 1689இல் வரைந்த ‘மிடல்ஹார்னிஸ் நிழற்சாலை’ இதற்குச் சிறந்த சான்று. லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள அந்த ஓவியத்தில் சாலை நம் காலடியில் அகலமாகத் தொடங்கி, இருபுறமும் நிற்கும் ஒல்லியான நெடுமரங்களுக்கிடையே குறுகிக்கொண்டே போய், தொடுவானத்தில் ஒரே புள்ளியில் ஒடுங்குகிறது. பார்க்கிறவர் தம்மை அறியாமலேயே அந்த வழியில் நடக்கத் தொடங்கிவிடுகிறார். வான்கோவுக்கு அந்த ஓவியம் நன்கு தெரியும். அவருக்கு அது மிகவும் பிடித்தமானதும்கூட. எனவே பெர்ஸ்பெக்டிவ், அதாவது தட்டையான பரப்பில் தொலைவைக் காட்டும் முறை, தெரியாததால் சாலை இப்படி ஆயிற்று என்ற முடிவுக்கு நாம் வர இயலாது.

அவர் செய்திருப்பது அதற்கு நேர் எதிரானது. இந்தச் சாலை நம்மை உள்ளே அழைப்பதில்லை. உள்ளிருந்து நம்மை நோக்கி இறங்கி வருகிறது. நடந்து வருகிற இருவரும், அவர்களுக்குப் பின்னால் வரும் வண்டியும் நம் பக்கமாகவே வருகிறார்கள். சாலையின் அகன்ற பகுதி கித்தானின் கீழ்விளிம்பில் சட்டென்று வெட்டுப்பட்டு நிற்பதால், அது நாம் நிற்கும் இடம்வரை வந்து முடிவதான உணர்வு உண்டாகிறது. கோடுகள் ஒடுங்கி மறையும் மறைபுள்ளியைத் தேடிப் போகும் கண் அங்கே ஏமாந்து திரும்புவது இதனால்தான்.

நடுவில் நிற்கும் மரத்துக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. சாலை கீழ்நோக்கி வழிகிறது, சைப்ரஸ் மேல்நோக்கி எழுந்து படத்தின் உச்சி விளிம்பையே எட்டிவிடுகிறது. மரத்தின் இடப்பக்கம் விண்மீன், வலப்பக்கம் பிறைநிலா. அந்த இருண்ட செங்குத்துக் கோடு இல்லையென்றால் இரண்டு ஒளிகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டு வானத்தைச் சிதறடித்திருக்கும். நீங்கள் சொல்லும் விதி பயிற்சிக்கு உகந்ததுதான். ஆனால் அதை மீறியதாலேயே நிலைபெற்ற ஓவியங்களில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து.

பதில் 2 – தடித்தபூச்சு

மேலே சொன்னதோடு எனக்கு உடன்பாடுதான். எனினும் ‘தரையா, தண்ணீரா’ என்ற உங்கள் கேள்விக்கான விடை பெர்ஸ்பெக்டிவில் இல்லை, தூரிகைத் தீற்றல்களில் இருக்கிறது. படத்தைப் பெரிதாக்கி, பொருள்களை மறந்துவிட்டு, தீற்றல்கள் எந்தத் திசையில் போகின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். விண்மீனையும் நிலாவையும் சுற்றிச் சின்னச் சின்னத் தீற்றல்கள் வட்டவட்டமாக அமைந்திருக்கின்றன. மரத்தில் அவை நெளிந்து நெளிந்து மேலேறுகின்றன. சாலையோர நாணல்களில் மஞ்சள் கோடுகள் நெருக்கமாக எழுந்து நிற்கின்றன. சாலைக்கு வந்தால், நீண்ட தீற்றல்கள் அனைத்தும் சாலை போகும் திசையிலேயே ஒன்றையொட்டி ஒன்றாகப் படுத்திருக்கின்றன. குறுக்கே வெட்டும் கோடு, அதாவது ஒரு வண்டித்தடமோ நிழலோ கண்ணை நிறுத்தும்படி ஏதும் இல்லை. தடையில்லாமல் ஒரே திசையில் ஓடும் கோடுகளைக் கண் ஓட்டம் என்றே புரிந்துகொள்ளும். சாலை ஆறாகத் தோன்றுவதன் முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் நிறம். மண்ணுக்கு நாம் எதிர்பார்க்கும் பழுப்பு அங்கே மிகக் குறைவு. வெளிறிய நீலம், பாலேட்டின் நிறம், ஆங்காங்கே மங்கிய காவி, கொஞ்சம் ரோஜா நிறம் என்றுதான் சாலை அமைந்திருக்கிறது. வானத்தின் நீலமே வெளுத்துக் கீழே இறங்கி வந்திருக்கிறது என்றுகூடச் சொல்லலாம். வானத்துக்கும் நிலத்துக்கும் ஒரே குடும்பத்து நிறங்களைக் கொடுத்து, இரண்டுக்கும் நடுவில் மஞ்சள் நாணலையும் கரும்பச்சை மரத்தையும் நிறுத்தியிருக்கிறார். பின்னணியில் இருக்கும் பழைய விடுதியின் சன்னல்களில் தெரியும் ஆரஞ்சு, அளவில் மிகச் சிறியதாக இருந்தும் கண்ணில் தைப்பதற்குக் காரணம், அதைச் சூழ்ந்திருக்கும் நீலம். எதிர்நிறங்கள் அடுத்தடுத்து இருக்கும்போது ஒன்றையொன்று தூக்கிக்காட்டும் என்பதை வேதியியலாளர் ஷெவ்ரல் 1839இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியிருந்தார்; வான்கோ அந்தக் கோட்பாட்டைத் தெரிந்துகொண்டு, கையாண்டு, கடிதங்களிலும் பேசியவர்.

செய்து பார்க்க எளிய வழி ஒன்று சொல்கிறேன். முதலில் படத்தின் மேற்பாதியைக் கையால் மறைத்துக்கொண்டு சாலையை மட்டும் சற்று நேரம் பாருங்கள். பிறகு படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள். பொருள்கள் பொருளிழந்து, எந்த இடம் எந்த இடத்தைத் தாங்குகிறது என்பது தெரியத் தொடங்கும். ஓவியப் பயிற்சியில் இது பழைய உத்தி. இந்தப் படத்துக்கு நன்றாகவே பயன்படுகிறது.

பதில் 3 – வரைவுக்கடிதம்

கேள்வியின் இன்னொரு பகுதிக்கு யாரும் விடை சொல்லவில்லை. நோயின் விளைவா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஓவியத்தைப் பற்றிப் பேசும் பலர் சைப்ரஸ் என்றால் (ஐரோப்பாவில் கல்லறைத் தோட்டங்களில் நடப்படும் மரம் என்பதால்) கல்லறை, கல்லறை என்றால் மரணம், இரண்டு மாதங்களில் அவரும் இறந்துவிட்டார் என்று மூன்றே தாவலில் முடித்துவிடுகிறார்கள். அந்தப் போக்கில் எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை.

தெற்கு பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியில் உள்ள சான்-ரெமி மனநல மருத்துவ இல்லத்தில் இருந்தபோது, 1889 ஜூனில் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சைப்ரஸ் மரத்தை எகிப்தியக் கல்தூணோடு ஒப்பிட்டு, அதன் கோடுகளையும் அளவுப் பொருத்தத்தையும் வியந்திருக்கிறார். வெயில் நிறைந்த நிலக்காட்சியில் அந்தக் கரும்பச்சையைச் சரியாகப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதே அவருடைய கவலையாக இருந்தது. மரத்தைப் பார்த்து ஒரு தொழிற்சிக்கலை யோசிக்கிற ஓவியரின் பேச்சு அது.

இந்தக் குறிப்பிட்ட ஓவியத்தைப் பற்றி 1890 ஜூனில் தன் நண்பரான ஓவியர் காகினுக்கு எழுதி அனுப்பாமலேயே விட்ட ஒரு வரைவுக் கடிதமும் கிடைத்திருக்கிறது; அதில் ஒரு சிறு கோட்டுப்படமும் உண்டு. பூமியின் நிழலிலிருந்து மெல்ல வெளிப்படும் ஒளி குன்றிய பிறை, அல்ட்ராமரைன் என்னும் ஆழ்ந்த நீல வானத்தில் ரோஜாவும் பச்சையுமாக மிகைப்படுத்தித் தீட்டிய விண்மீன், உயர்ந்த மஞ்சள் நாணல்கள், பின்னால் தாழ்ந்த நீல அல்பீய் குன்றுகள், ஆரஞ்சு ஒளி தெரியும் பழைய விடுதி, நேராக நிமிர்ந்த இருண்ட சைப்ரஸ், மஞ்சள் வண்டி, வெள்ளைக் குதிரை, நேரங்கழித்து வரும் இருவர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கற்பனை மிகுந்ததாகத் தோன்றலாம், ஆயினும் புரோவான்ஸின் தன்மை இதில் இருக்கிறது என்ற பொருளில் முடிக்கிறார். விண்மீனை மிகைப்படுத்தியதை அவரே சொல்லியிருக்கும்போது, அது நோயின் தோற்றம் என்று நாம் சொல்வது எப்படிப் பொருந்தும்?

நோய் இருந்தது உண்மை. 1890 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய கடுமையான தாக்குதல் ஏப்ரல் இறுதியில்தான் தணிந்தது. ஆனால் அதற்குப் பின், மே 16 அன்று அங்கிருந்து புறப்படும்வரை, சாடியில் உள்ள ஐரிஸ் மலர்கள், ரோஜாக்கள் ஆகிய பெரிய ஓவியங்களையும் இதையும் தெளிவாகவும் வேகமாகவும் முடித்திருக்கிறார். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. 1890 ஏப்ரல் 20 மாலையில் மெல்லிய பிறைக்கு அருகே வெள்ளியும் புதனும் தெரிந்ததாக வானியலாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஓவியத்தின் வானத்துக்கு அந்தக் காட்சி அடிப்படையாக இருக்கலாம் என்பது அவர்கள் வாதம். எனக்கு அது சுவையான துணைச் செய்தி மட்டுமே. தீற்றல்களைப் பார்ப்பதற்கு அது உதவுவதில்லை.

கித்தான்நேசன்

மூவருக்கும் நன்றி. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தபோது, சாலையின் வெளிறிய பரப்பு இல்லையென்றால் மரத்தின் கருமை படம் முழுவதையும் விழுங்கிவிடும் என்பது தெரிந்தது. ஒரு துணைக்கேள்வி. இப்படிச் சாலையின் மண் தன்மையை விட்டுக்கொடுத்து ஓட்டத்தைப் பிடிப்பது போஸ்ட் இம்ப்ரஷனிஸ்டுகள் (இம்ப்ரஷனிஸ்டுகளுக்கு அடுத்து வந்த வான்கோ, செசான் போன்ற ஓவியர்கள்) எல்லோருக்கும் பொதுவா?

பதில் 4 – மறைபுள்ளி

இல்லை. அந்தப் பெயரே பின்னால் ஒட்டப்பட்டது. 1910இல் லண்டனில் நடந்த கண்காட்சிக்காகத் திறனாய்வாளர் ராஜர் ஃப்ரை அதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார்; அப்போது வான்கோ மறைந்து இருபது ஆண்டுகள், செசான் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. கணநேர ஒளியைப் பதிவுசெய்வதோடு நிறைவடையாதவர்கள் என்பது அவர்களுக்குள் பொதுவானது. அதற்குமேல் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் போனார்கள்.

செசான் சுமார் 1881இல் வரைந்த ‘வளையும் சாலை’யை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். அது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகன்ற சாலை வளைந்து மரங்களையும் கிராமத்து வீடுகளையும் நோக்கிப் போகிறது. அதில் ஒரு மனிதர்கூட இல்லை. அங்கே தீற்றல்கள் ஓடுவதில்லை. ஒரே சாய்வில், ஏறக்குறைய ஒரே அளவில் அடுக்கடுக்காக வைக்கப்பட்டு, இலை, சுவர், மண் எல்லாவற்றையும் ஒரே நெசவாக ஆக்குகின்றன. சாலை வளைந்து மறைகிறது. ஆனால் அது மறையும் இடத்தைத் தேடிக் கண் ஓடாமல், வளைவிலேயே தங்கிவிடுகிறது. எனக்கு, உண்மையைச் சொன்னால், நெடுநேரம் பார்த்திருக்கக்கூடியது செசானின் சாலைதான். வான்கோவின் சாலை முதல் பார்வையிலேயே தன் வேகம் முழுவதையும் காட்டிவிடுகிறது.

பதில் 5 – தடித்தபூச்சு

மறைபுள்ளி கடைசியாகச் சொன்னதை அச்சுப்படத்தை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். அசல் ஓவியம் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமும் 70 சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலமும் கொண்டது. வண்ணம் தடிப்பாக ஏற்றப்பட்டிருப்பதால் தீற்றல்களின் மேடு பள்ளங்களே சிறு நிழல்களை உண்டாக்குகின்றன. அச்சில் வழவழப்பாக ஓடும் சாலை, அசலில் சொரசொரப்பான பரப்பு. கித்தான்நேசன் தேடிய கெட்டித்தன்மை ஓரளவுக்கு அங்கே, வண்ணத்தின் உடம்பிலேயே இருக்கிறது. நேரில் காண வாய்ப்பில்லாதவர்கள் உயர் தெளிவுப் படத்தைத் தேடி எடுத்து, நடந்து வரும் இருவரின் கால்களைச் சுற்றியுள்ள பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. அந்தக் காலகட்டத்தில் வான்கோ பயன்படுத்திய சில சிவப்பு நிறமிகள் ஒளியில் வெளுத்துப்போகக் கூடியவை. அதே மே மாதத்தில் அவர் ரோஜா நிறத்தில் தீட்டிய ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெள்ளையாகவும், ஊதா நிற ஐரிஸ்கள் நீலமாகவும் தெரிவதற்கு அதுவே காரணம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே சாலை இவ்வளவு நீலமாக இருக்கிறதே என்று வியப்பதற்கு முன், அதன் ரோஜா நிறத் தீற்றல்கள் அன்று இன்னும் அழுத்தமாக இருந்திருக்கக்கூடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.